ஏப்ரலில் நோர்த் கரோலினா, மே கடைசியில் ரொறன்ரோ: பாஸ், கிராப்பி முட்டையிடும் நேரத்தில் தூண்டில் போடுவது எப்படி?

வெள்ளவத்தைத்தூண்டில் எழுதியது:

அண்ணாமாருக்கு வணக்கம். சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னமே புறப்படுகிறேன். ஏப்ரல் 8 முதல் மே 10 வரை நோர்த் கரோலினாவில், ராலி நகருக்குப் பக்கத்தில் அக்கா வீடு. அதன்பிறகு ஜூன் 5 வரை ஸ்காபரோவில் சித்தப்பா வீடு. அக்கா வீட்டுக்குக் கிட்ட ஜோர்டான் ஏரியும் போல்ஸ் ஏரியும் இருக்கின்றன. சித்தப்பா வீட்டிலிருந்து ஸ்கூகொக் ஏரிக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியால ஓட்டம்.

எனக்குப் பழக்கமானது பொல்கொடவில் கொடுவாவும் திலாப்பியாவும், குளங்களில் விராலும்தான். அங்குள்ள நன்னீர் மீன்களான பாஸ், கிராப்பி இரண்டும் வீடியோவில் பார்த்ததோடு சரி. இரண்டும் வசந்த காலத்தில் முட்டையிடக் கரைக்கு வரும், அப்போது கரையிலிருந்தே பிடிக்கலாம் என்கிறார்கள். போட் கிடையாது. அத்தான் ஒரு கயாக் இரவல் வாங்கித் தரக்கூடும்.

தெரிய வேண்டியவை: எந்தக் கிழமையில் எந்த மீனைத் தேடுவது? கரையில் எந்த இடம்? கொழும்பிலிருந்து எந்தத் தடி, எந்தத் தங்கூசி (நைலோன் நூல்) கொண்டு போவது, எதை அங்கே வாங்குவது? முட்டையிட்ட குழியைக் காத்து நிற்கும் மீனைப் பிடிப்பது சரியா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

---

பொல்கொடக்கரை எழுதியது:

தம்பி, கொழும்புக்காரர் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டிய பழக்கம் ஒன்று இருக்கிறது. நம்முடைய நீர் வருடம் முழுக்கச் சூடாகத்தான் கிடக்கும். ஆகவே நாம் மழையைப் பார்ப்போம், நீர்மட்டத்தைப் பார்ப்போம், பொல்கொட என்றால் வற்றுப் பெருக்கையும் பார்ப்போம். வெப்பமானியை யாரும் கையில் எடுப்பதில்லை. அங்கே வெப்பமானி இல்லாமல் போனால் பாதிக் கண்ணைக் கட்டிக்கொண்டு போவது போல. கலண்டரில் எந்தக் கிழமை என்பதற்கு அதற்குப் பிறகுதான் இடம்.

கிராப்பிக்குக் கணக்கு இப்படி. நீர் 10 முதல் 13 பாகை செல்சியஸ் வரை இருக்கையில் அவை ஓடை வாய்களுக்கு வெளியே, 10 முதல் 15 அடி ஆழத்தில் கூட்டமாக நிற்கும். 13 தாண்டினால் ஓடைக்குள் நகரத் தொடங்கும். 16 ஆனதும் ஆண் மீன் கரையோரம் வந்து குழி துப்புரவாக்கும். 16க்கும் 20க்கும் இடையில் முட்டையிடல் நடக்கும். பாஸ் ஏறக்குறைய 15, 16 பாகையில் குழி தோண்ட ஆரம்பிக்கும், 18 முதல் 20 வரை மும்முரம், 22 தாண்டினால் பெரும்பாலும் முடிந்தது என்று கொள்ளுங்கள்.

ராலிப் பக்கத்தில் ஏப்ரல் 8 என்றால் கிராப்பி முட்டையிடலின் நடுவிலோ பின்பாதியிலோ போய் இறங்குவீர்கள். பாஸ் ஏப்ரல் நடுவிலிருந்து மே முதற்கிழமை வரை. ஆகவே போன மறுநாளே கிராப்பிக்குப் போங்கள், பாஸ் காத்திருக்கும்.

ஒரே ஏரி எல்லா இடத்திலும் ஒரே நாளில் சூடாகாது. இதைத்தான் நன்றாகப் பயன்படுத்த வேண்டும். வடக்குக் கரையில் தெற்கு வெயில் நாள் முழுக்க விழும், வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றும் அங்கே அடிக்காது. ஆகவே அங்கேதான் முதலில். ஓடைகளின் உட்கோடியில் நீர் கலங்கலாகவும் ஆழமில்லாமலும் இருப்பதால் அதுவும் முந்தும். ஏரியின் நடுப்பகுதியும் தெற்குக் கரையும் ஒன்று, இரண்டு கிழமை பிந்தும். உட்கோடியில் முடிந்துவிட்டது என்றால் வெளிப்பக்கம் நகருங்கள்; அங்கே இப்போதுதான் ஆரம்பம்.

வெப்பம் அளப்பதற்குச் சமையலறை வெப்பமானி போதும். நூலில் கட்டி ஒரு அடி ஆழத்தில் இரண்டு நிமிடம் விடுங்கள். மேற்பரப்பைத் தொட்டுப் பார்த்து ஏமாற வேண்டாம். வெயில் நாளில் பின்னேரம் 3 மணிக்கு மேல்நீர் காலையைவிட இரண்டு, மூன்று பாகை கூடக் காட்டும். தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் அளந்து எழுதி வையுங்கள். ஏறுகிறதா இறங்குகிறதா என்பது அந்த எண்ணைவிட முக்கியம்.

எவ்வளவு ஆழம் என்று நீரின் தெளிவு சொல்லும். வெள்ளை ஜிக் (ஈயத்தலை வைத்த முள்) ஒன்றை இறக்கிப் பாருங்கள். ஒரு அடியிலேயே மறைந்தால் மீன் 1 முதல் 3 அடிக்குள் நிற்கும். மூன்று, நான்கு அடி வரை தெரிந்தால் 5 முதல் 8 அடியில் தேட வேண்டும். ஜோர்டான் ஏரி பொதுவாகக் கலங்கல் நீர். ஆகவே தூர எறிய வேண்டும் என்ற ஆசையை விடுங்கள், காலடியில்தான் மீன்.

இடம்: கரையோரப் புதர், விழுந்த மரம், பழைய அடிமரம், படகுத்துறைக் கால்கள், காய்ந்த நாணல் தண்டு. ஏப்ரல் மழையில் ஏரி ஏறினால் கரைப் புதர்கள் நீருக்குள் போகும், மீனும் புதருக்குள் போகும். விர்ஜீனியா எல்லையில் இருக்கும் கெர் ஏரி இதற்குத்தான் பெயர் பெற்றது. நீர் இறங்கத் தொடங்கினால் மீன் உடனே பின்வாங்கும். அன்று புதருக்குள் எறிந்துகொண்டு நிற்காமல் புதருக்கு வெளியே முதல் சரிவில் போடுங்கள்.

பிடிக்கும் முறை சின்னது, ஆனால் அளவு பிசகக்கூடாது. 4 முதல் 6 இறாத்தல் தங்கூசி. அதில் முதலில் தடுப்பு முடிச்சு, பிறகு சிறு மணி, பிறகு ஓடும் மிதப்பு, அதற்குக் கீழே அரிசியைவிடச் சற்றுப் பெரிய ஈயக்குண்டு, அதிலிருந்து 12 அங்குலம் கீழே 1/16 அல்லது 1/32 அவுன்ஸ் ஜிக். கிராமில் 1.8, 0.9. ஜிக்கில் 2 அங்குல மென்பிளாஸ்டிக் இரை. கலங்கல் நீரில் பச்சை கலந்த மஞ்சள், தெளிநீரில் வெள்ளை அல்லது புகை நிறம். முடிச்சை ஜிக்கின் வளையத்தில் நடு மேலே தள்ளி வைத்தால் ஜிக் கிடையாகத் தொங்கும். முடிச்சு முன்னால் சரிந்தால் ஜிக் செங்குத்தாகத் தொங்கும், கிராப்பி அதைக் கவனிக்காது. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் முடிச்சு நகர்ந்திருக்கும். ஒவ்வொரு முறையும் விரலால் சரி செய்யுங்கள்.

கிராப்பி கண்ணை மேல்நோக்கி வைத்து இரை தேடுகிற மீன். அதன் தலைக்கு மேலே அரை அடி உயரத்தில் இரை போக வேண்டும். கீழே போனால் அது பார்க்கவே பார்க்காது. ஆகவே மிதப்பை முதலில் ஆழம் குறைவாக வையுங்கள். கடிக்காவிட்டால் ஆறு ஆறு அங்குலமாக இறக்குங்கள். எறிந்து, பத்து எண்ணி, இரண்டு அங்குலம் மெல்ல இழுத்து, மறுபடி விடுங்கள். மிதப்பு கீழே போகலாம். சில நேரம் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிடும். படுத்தால் மீன் இரையை மேலே தூக்கிவிட்டது என்று அர்த்தம். அதுவும் கடிதான்.

ஒன்று பிடித்தால் அந்த இடத்தை விட்டு அசையாதீர்கள், குழிகள் கூட்டமாகத்தான் இருக்கும். பத்து நிமிடத்தில் ஒன்றுமில்லையென்றால் ஐந்து மீற்றர் தள்ளிப் போங்கள். பிடித்ததெல்லாம் கறுத்த, சிறிய மீனாக இருந்தால் அவை ஆண். பெண் மீன்கள் வெளியே இன்னும் ஐந்து, ஆறு அடி ஆழம் கூடிய நீரில் நிற்கும். மிதப்பை இறக்கி அந்தப் பக்கம் எறியுங்கள்.

குளிர்காற்று வந்து ஒரே இரவில் நீர் மூன்று பாகை இறங்கினால் எல்லாம் பின்வாங்கும். அன்று ஏரியில் மீன் இல்லை என்று திரும்பி வந்துவிடுவார்கள். மீன் ஒரு எறி தூரத்தில், அடுத்த சரிவில்தான் நிற்கும். ஜிக்கைச் சிறிதாக்கி, அசைக்காமல் விட்டால் எடுக்கும்.

---

கொட்டாஞ்சேனை72 எழுதியது:

தடி, நூல் பற்றி மட்டும் சொல்கிறேன். மீதியைப் பொல்கொடக்கரை அண்ணா எழுதிவிட்டார்.

கொடுவாத் தடியைக் கிராப்பிக்குக் கொண்டு போக வேண்டாம். கிராப்பியின் வாய் தாள் போன்றது. மேலுதட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சவ்வை விரலால் விரித்துப் பாருங்கள், வெளிச்சம் தெரியும். விறைத்த தடியில் பின்னல் நூல் போட்டு, கொடுவாவுக்கு அடிப்பது போல அடித்தால் முள் அந்தச் சவ்வைக் கிழித்துக்கொண்டு வெறுமனே திரும்பும். தடியை உயர்த்தினால் போதும், அடிக்க வேண்டாம். கரைக்கு வந்த மீனையும் நூலில் தூக்காதீர்கள். சிறு வலை ஒன்று கட்டாயம்.

கொழும்பில் வாங்கக் கூடியது: இரண்டு துண்டாகப் பிரியும் 6.5 அல்லது 7 அடி மெல்லிய ஸ்பின்னிங் தடி, 1000 அல்லது 2000 அளவு ரீல். புறக்கோட்டையில் தேடினாலே கிடைக்கும். பாஸுக்கு உங்கள் கொடுவாத் தடிகளில் நடுத்தரமானது எதுவும் பொருந்தும். 15 இறாத்தல் வரை தாங்கும் தடியாக இருந்தால் போதும். தங்கூசியைப் புதிதாகச் சுற்றுங்கள். நம் வெயிலில் ஒரு வருடம் ரீலில் கிடந்த தங்கூசி சுருள் பிடித்திருக்கும். ஒரு கிராம் ஜிக்குக்கு அந்தச் சுருளை நேராக்கும் பாரம் கிடையாது. எறி பத்து அடிகூடப் போகாது.

அங்கே வாங்க வேண்டியது: ஜிக், மென்பிளாஸ்டிக், மெல்லிய கம்பி முள். நம் கடல் முட்கள் தடித்த கம்பி. கிராப்பிக்கு 4ஆம் அல்லது 6ஆம் இலக்க மெல்லிய முள்தான் வேண்டும். அதற்கு இரண்டு காரணம். ஒன்று, உயிருள்ள சின்ன மீனை இரண்டு உதட்டிலும் சேர்த்துக் கோத்தால் நெடுநேரம் உயிரோடு நீந்தும். மற்றது, கிளையில் மாட்டினால் நிதானமாக நேர்கோட்டில் இழுங்கள். நூல் அறுவதற்கு முன் முள் நிமிர்ந்து வெளியே வந்துவிடும். குறட்டால் மறுபடி வளைத்துவிட்டு எறியலாம். இரண்டு, மூன்று முறை வளைத்ததும் மாற்றிவிடுங்கள், அந்த இடத்தில் கம்பி களைத்துப் போயிருக்கும்.

சாதாரண வெயிற்கண்ணாடி அல்ல, நீரின் மினுக்கத்தை வெட்டும் போலரைஸ்ட் கண்ணாடி வேண்டும். பாஸ் குழி பார்க்க அது இல்லாமல் முடியாது. செம்பழுப்பு வில்லை கரையோர ஆழமற்ற நீருக்கு நல்லது.

முள், குறடு, கத்தி எல்லாம் விமானத்தில் அனுப்பும் பெட்டிக்குள். பொல்கொடச் சேறு ஒட்டிய சப்பாத்தையும் வலையையும் கழுவிக் காயவைத்துக் கொண்டு போங்கள். மண், பாசி என்றால் அங்கே விமான நிலையத்தில் சும்மா விடமாட்டார்கள்.

---

கல்கிசைக்கரை எழுதியது:

பாஸ் குழியைப் பார்க்கத் தெரிவதுதான் பாதி வேலை. திலாப்பியாக் குழி பார்த்த கண்ணுக்கு அது கஷ்டமில்லை. குளக்கரையில் நீர் வற்றும்போது மணலில் வட்ட வட்டமாகத் தட்டுப் போல் கிடக்குமே, அதே உருவம்தான். பாஸ் குழி இரண்டு, மூன்று அடி அகலம், சுற்றியுள்ள தரையைவிட வெளிறித் தெரியும். சேற்றில் தோண்டாது. சரளை, கடினமான மணல், அடிமரத்தின் வேர் போன்ற இடங்கள்தான். ஒரு பக்கம் மரமோ கல்லோ மறைப்பாக இருந்தால் இன்னும் விருப்பம், அந்தப் பக்கம் காவல் தேவையில்லை.

சின்னச் சின்னக் குழிகள் தேன்கூடு போல ஒட்டி ஒட்டிக் கிடந்தால் அது பாஸ் அல்ல, புளூகில் என்ற சிறு மீன். அது பாஸ் முடிந்தபிறகு, நீர் 20 பாகை தாண்டி வரும். பாஸ் குழிகள் ஒன்றுக்கொன்று எட்டத் தள்ளியே இருக்கும்.

குழி பளிச்சென்று இருந்தால் மீன் இருக்கிறது. மண் படிந்து மங்கலாக இருந்தால் கைவிட்ட குழி. ஆண் மீன் சிறியது, பெரும்பாலும் 1 கிலோவுக்கு உள்ளே. பெண் பெரியது, முட்டையிட்டுவிட்டு ஓரிரு நாளில் போய்விடும். பிறகு ஆண்தான் தனியே நின்று முட்டையையும் குஞ்சையும் காக்கும்.

நீங்கள் நெருங்கியதும் மீன் ஓடும். அசையாமல் நின்று பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் குழிக்குத் திரும்பினால் அது இரையை எடுக்கும். திரும்பவே இல்லையென்றால் இன்னும் முட்டை விழவில்லை, அதனோடு நேரம் கழிக்க வேண்டாம். நிழல் குழிமேல் விழாதபடி, சூரியனை முகத்துக்கு நேரே இல்லாமல் பக்கவாட்டில் வைத்து நில்லுங்கள்.

இரை: 4 அங்குல வெள்ளை அல்லது வெளிர்நிற மென்பிளாஸ்டிக், 3/0 முள் பிளாஸ்டிக்குக்குள் மறைந்திருக்க, முன்னால் 3/16 அவுன்ஸ் குண்டு ஈயம். அதாவது 5 கிராம். வெள்ளை ஏனென்றால் மீனுக்காக அல்ல, உங்களுக்காக. குழிக்கு நேரே எறியாதீர்கள். மூன்று, நான்கு அடி அப்பால் எறிந்து ஊர்ந்து வரச் செய்து குழிக்குள் நிறுத்துங்கள். ஒவ்வொரு குழியிலும் ஓர் இடம் உண்டு, இரை அங்கே பட்டதும் மீன் தலை கீழாகச் சாய்ந்து பார்க்கும். அந்த இடத்தைக் கண்டுபிடித்து அங்கேயே நடுங்க விடுங்கள். மீன் பசிக்கு எடுப்பதில்லை. உதட்டு நுனியால் தூக்கிக் குழிக்கு வெளியே துப்பப் பார்க்கும். கையில் ஒன்றும் உணராது. வெள்ளை கண்ணுக்கு மறைந்த அந்த நொடியில் அடிக்க வேண்டும். அடி தவறிக்கொண்டே இருந்தால் இரையின் வால் பக்கத்தை ஒரு அங்குலம் கிள்ளிவிட்டு எறியுங்கள். வாலைப் பிடித்துத் தூக்குகிறது என்பதுதான் காரணம்.

பிடித்ததும் நீரிலேயே முள்ளைக் கழற்றி அந்த இடத்திலேயே விடுங்கள். படம் எடுக்க வேண்டுமென்றால் கமராவை முன்னமே தயாராக வைத்துக்கொண்டு பிடியுங்கள்.

---

பொல்கொடக்கரை எழுதியது:

கல்கிசைக்கரை முறையைச் சரியாகச் சொன்னார். ஆனால் குழி மீன் விஷயத்தில் நான் அவரோடு உடன்படவில்லை.

திலாப்பியாவோடு ஒப்பிட்டதால் ஒரு வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும். திலாப்பியாக் குழி ஆண் மீன் பெண்ணைக் கூப்பிடும் இடம் மட்டும். முட்டையைப் பெண் வாயில் எடுத்துக்கொண்டு போய்விடும். அந்த ஆண் மீனைப் பிடித்துச் சட்டியில் போட்டாலும் குஞ்சு பெண்ணின் வாயில் பத்திரமாக இருக்கும். பாஸின் முட்டை குழியிலேயே திறந்து கிடக்கிறது. காவல் எழுந்த கணத்தில் பக்கத்தில் வட்டமிடும் புளூகில் பாய்ந்து வரும். முட்டை மூன்று முதல் ஐந்து நாளில் பொரிக்கும், அதன்பிறகும் குஞ்சு நீந்திப் பழக ஒரு கிழமைபோல் ஆகும். அவ்வளவு நாளும் ஆண் மீன் சரியாகச் சாப்பிடாமல் நிற்கிறது. களைத்துப் போன மீனை இரண்டு நிமிடம் போராட வைத்து, இன்னும் ஒரு நிமிடம் படத்துக்குத் தூக்கி விட்டால் திரும்பிப் போவதற்குள் குழி காலியாகலாம். கனடாவில் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தின் உயிரியல் நிலையம் இருக்கும் ஒப்பினிகொன் ஏரியில் இதையேதான் நெடுங்காலமாக ஆராய்கிறார்கள். நெடுநேரம் பிரித்து வைக்கப்பட்ட ஆண் மீன் குழியைக் கைவிட்டுப் போவது கூடுதல்.

நம் ஊரில் விரால் தன் சிவந்த குஞ்சுக் கூட்டத்துக்குக் கீழே நிற்கும்போது தவளை இரையை அதன்மேல் எறிந்தால் கட்டாயம் பாயும். அதைச் செய்யாதே என்றுதான் பெரியவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். அதே நியாயம் இங்கேயும்.

---

கல்கிசைக்கரை எழுதியது:

அண்ணா, அந்த நியாயத்தை மறுக்கவில்லை. நோர்த் கரோலினாவில் அது சட்டத்துக்கு உட்பட்டது. பெரிய தெற்கத்திய ஏரியில் முட்டையிடல் பல கிழமை நீளும், குழிகளும் ஆயிரக்கணக்கில். ஒன்றிரண்டு போனாலும் ஏரி தாங்கும். சின்னக் குட்டையில் நானும் செய்யச் சொல்லமாட்டேன். தம்பி முடிவெடுக்கட்டும்.

குழியைத் தொடாமலே பாஸ் பிடிக்கவும் வழி இருக்கிறது, அதுவும் தம்பியின் நாட்களுக்கு நன்றாகப் பொருந்தும். ஏப்ரல் முதற்பாதியில் இன்னும் குழிக்கு வராத பெண் மீன்கள் ஓடைக்குள் இருக்கும் சிறு நிலமுனைகளில், 4 முதல் 8 அடியில் தங்கி நிற்கும். 3/8 அவுன்ஸ் ஸ்பின்னர்பெய்ட் (தகடு சுழலும் செயற்கை இரை), அல்லது 5 அங்குல மென்புழுவை நடுவில் கோத்து ஈயமில்லாமல் மெல்ல விழ விடுவது. விழும்போதுதான் கடி வரும். நூல் பக்கவாட்டில் நகர்ந்தால் அடியுங்கள்.

மே முதற்கிழமையில் இன்னொன்று நடக்கும். ஷாட் என்ற இரைமீன் விடியற்காலையில் கல் அடுக்கிய கரையிலும் பாலத்தடியிலும் வந்து முட்டையிடும். கல்லோரம் நீர் மழைத்துளி விழுவது போலத் துடிக்கும். முட்டையிட்டு முடித்த பாஸ் பசியோடு அங்கே வந்து நிற்கும். வெள்ளை ஸ்பின்னர்பெய்ட்டைக் கரைக்குச் சமாந்தரமாக, கல்லிலிருந்து இரண்டு அடிக்குள் இழுங்கள். வெயில் ஏறினால் முடிந்தது. மொத்தம் ஒரு மணித்தியாலம்தான் கிடைக்கும், ஆகவே வெளிச்சம் வரமுன்னம் அங்கே நிற்க வேண்டும். பாலத்தடிக் கற்கரைகளுக்குப் போட் இல்லாமலே போகலாம் என்பது உங்களுக்கு வசதி.

---

வெள்ளவத்தைத்தூண்டில் எழுதியது:

மிக்க நன்றி அண்ணாமார். குழி மீனை விட்டுவிடுகிறேன், பாலத்தடியும் கிராப்பியும் எனக்குப் போதும். ரொறன்ரோவில் மே 10க்குப் பிறகு இதே முறையில் பாஸ் தேடலாமா? சித்தப்பா, லைசன்ஸ் எடுத்தால் எல்லாம் பிடிக்கலாம் என்கிறார்.

---

ஸ்காபரோக்கரை எழுதியது:

தேடக்கூடாது தம்பி. சித்தப்பாவுக்கும் இதைக் காட்டுங்கள்.

தெற்கு ஒன்ராறியோவில் மே பிற்பாதி என்பது பாஸுக்கு மூடிய காலம். ஜூன் பிற்பாதியில்தான் திறப்பார்கள். நீங்கள் 5ஆம் திகதி போய்விடுவீர்கள். பிடித்து உடனே விட்டுவிடுகிறேன் என்ற நியாயம் இங்கே எடுபடாது. மூடிய காலத்தில் அந்த மீனைக் குறிவைத்துத் தூண்டில் போடுவதே குற்றம். குளிர் நாட்டில் பாஸ் முட்டையிடும் காலம் குறுகியது, ஒரு முறை குழி அழிந்தால் அந்த வருடம் மறுபடி முயலப் போதிய நாள் கிடைக்காமல் போகலாம். தெற்கில் ஏரி தாங்கும் என்று மேலே எழுதியதை இங்கே பொருத்த முடியாததற்கு அதுதான் காரணம். எல்லைக்கு அப்பால் நியூயோர்க் மாநிலத்தில்கூட, பெரும்பாலான நீர்நிலைகளில் டிசம்பர் 1 முதல் ஜூன் 14 வரை செயற்கை இரையால் பிடித்து உடனே விட மட்டும்தான் அனுமதி.

கிராப்பிதான் உங்கள் மீன். ஸ்கூகொக் ஏரி ஆழமில்லாதது, களை நிறைந்தது, கிராப்பிக்கு நன்றாகப் பெயர் பெற்றது. அது மாகாணத்தின் 17ஆம் மீன்பிடி வலயத்தில் இருக்கிறது. மாகாண அரசு ஒவ்வொரு வருடமும் வெளியிடும் மீன்பிடி ஒழுங்குவிதிச் சுருக்கத்தில் அந்த வலயத்தின் பக்கத்தைத் திறந்து, கிராப்பி வரிசையில் காலமும் எண்ணிக்கையும் பார்த்துவிட்டுப் போங்கள். அதே ஏரியில் வாலை என்ற மீன் வருடம் முழுக்க மூடப்பட்டிருக்கிறது, 2016இலிருந்து. தவறி வந்தால் உடனே விட வேண்டும்.

லைசன்ஸ்: கனடாவில் வசிக்காதவர் என்ற வகையில் எடுக்க வேண்டும். ஒரு நாள், எட்டு நாள், ஒரு வருடம் என்று உண்டு. ஒரு நாளுக்கு மேல் என்றால் அவுட்டோர்ஸ் கார்ட் என்ற மாகாண அட்டையும் சேர்த்து எடுக்க வேண்டும். அதோடு அமெரிக்காவில் மீந்த உயிர் இரையை எல்லை தாண்டிக் கொண்டு வராதீர்கள். ஒன்ராறியோவுக்குள்ளும் இரைமீனை ஒரு இரைமீன் வலயத்திலிருந்து (இது மீன்பிடி வலயம் அல்ல, வேறு பிரிவு) இன்னொன்றுக்குக் கொண்டு போகத் தடை. ஸ்கூகொக்குக்குப் பக்கத்திலேயே வாங்குங்கள், அல்லது மென்பிளாஸ்டிக்கோடு நில்லுங்கள்.

இடம்: மே நடுவில் நீர் 12, 13 பாகைதான் இருக்கும். அப்போது கிராப்பி வாய்க்கால்களிலும் படகுத்துறைகளிலும் கறுத்த சேற்றுத் தரையுள்ள சிறு குடாக்களிலும் நிற்கும். கறுப்புத் தரை வெயிலை வாங்கி முதலில் சூடாகும். அது முட்டைக்கு வந்ததல்ல, சூட்டுக்கும் இரைக்கும் வந்தது. ஆகவே காலையில் அவசரப்பட வேண்டாம், மத்தியானத்துக்குப் பிறகு போங்கள். முட்டையிடல் மே கடைசியில் தொடங்கி ஜூனுக்குள் போகும். அப்போது போன வருடத்துக் காய்ந்த கோரைத் தண்டுகள் நிற்கும் இடம், 2 முதல் 4 அடி. மிதப்பைத் தண்டுகளின் இடைவெளியில் தூக்கி வையுங்கள், எறிய வேண்டாம். எறிந்து இழுத்தால் ஒவ்வொரு தண்டிலும் மாட்டும்.

ஜிக்கை 1.5 அங்குலத்துக்கு மேல் கொண்டு போகாதீர்கள். பெரிதாக்கினால் பாஸ் வரும். தவறி ஒன்று வந்தால் நீரிலேயே கழற்றி விடுங்கள். அடுத்ததும் பாஸ் என்றால் நீங்கள் குழிகளுக்கு நடுவே நிற்கிறீர்கள், அங்கிருந்து போய்விடுங்கள். ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டு அங்கேயே நின்றால் அதிகாரி வந்து கேட்கும்போது சொல்வதற்கு ஒன்றும் இருக்காது.

கறுப்புக் கிராப்பி என்பதை உறுதிப்படுத்த முதுகுத் துடுப்பின் முட்களை எண்ணுங்கள். 7 அல்லது 8. வெள்ளைக் கிராப்பிக்கு 5 அல்லது 6. ஜோர்டான் ஏரியிலும் எண்ணிப் பழகலாம். நிறத்தை நம்ப வேண்டாம், முட்டை காலத்தில் ஆண் எதுவும் கறுத்துவிடும்.

---

கொட்டாஞ்சேனை72 எழுதியது:

போகமுன் ஒரு சனிக்கிழமை பொல்கொடக் கரையில் அந்த ஓடும் மிதப்பைத் திலாப்பியாவுக்குப் போட்டுப் பாருங்கள். தடுப்பு முடிச்சு நழுவுகிறதா, மணியின் துளை முடிச்சைவிடப் பெரிதா என்பதெல்லாம் இங்கேயே தெரிந்துவிடும். முடிச்சு மணிக்குள் புகுந்தால் ஆழம் நிற்காது. அதுதான் புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு முதலில் பிழைப்பது. முடிச்சைப் பின்னல் நூலில் நான்கு, ஐந்து சுற்றாகக் கட்டி, எச்சில் தொட்டு இறுக்கி, வால்களைக் கால் அங்குலம் விட்டு வெட்டுங்கள். ஒட்ட வெட்டினால் வளையங்களில் உரசிக் கழன்றுவிடும்.

---

வெள்ளவத்தைத்தூண்டில் எழுதியது:

வருகிற சனி கட்டிப் பார்க்கிறேன் அண்ணா. பிடித்த கிராப்பியை எப்படி வைத்திருப்பது? அக்கா பொரியலுக்குக் கேட்கிறா.

---

பொல்கொடக்கரை எழுதியது:

கயிற்றில் கோத்து வெதுநீரில் விடாதீர்கள், தசை குழைந்துவிடும். பெட்டியில் ஐஸ் மட்டும் போட்டால் மீன் ஒரு பக்கம்தான் குளிரும். ஐஸோடு கொஞ்சம் ஏரி நீரும் விட்டு, கூழாக இருக்கும்போது மீனை அமுக்குங்கள். வீடு வரும் வரை முழு மீனாகவே வையுங்கள், அளவும் எண்ணிக்கையும் கேட்டால் காட்ட வேண்டும். எலும்பு எடுத்துத் துண்டு போட்டபிறகு மெல்லிய வெள்ளைத் தசை. நம் கடல்மீன் போல நெடுநேரம் மசாலாவில் ஊறினால், உப்பு தசையிலுள்ள நீரை இழுத்து, தசை கரைந்துவிடும். மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு பூசிப் பத்து நிமிடம், பிறகு நன்றாகக் காய்ந்த எண்ணெயில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம்.